கடைசி மூன்று வரிசை

தை 4

எழுதுவது சேசுராஜ். சொல்வது நான், கருத்தக்கண்ணன். எனக்கு எழுத்து தெரியாது. சேசு எங்கள் ஊருக்கு முப்பத்தோரு வருஷம் தபால் கொடுத்தவன். எனக்கு வந்த கடிதத்தையெல்லாம் அவன்தான் படித்துச் சொன்னான். நான் போட்டதையெல்லாம் அவன்தான் எழுதினான். பேசுகிறபடியே எழுதமாட்டான், கொஞ்சம் இஸ்திரி போட்டு எழுதுவான். அது அவன் வழக்கம், விட்டுவிட்டேன்.

டைரி, பூ மண்டியில் சும்மா கொடுத்தது. என் இளைய மகள் தவச்செல்விக்குப் பங்குனி 20-ல் கல்யாணம். முப்பத்துமூன்று வயதில் இப்போதுதான் கூடி வந்திருக்கிறது. பூ ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. "எல்லாம் உங்க மண்டைக்குள்ளயே இருந்தா நான் எங்கப்பா போய்ப் பாக்குறது, யார்கிட்டயாவது சொல்லி எழுதி வைங்க" என்றாள். அதனால் இது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரிலிருந்து பூ வரவழைத்து மேடை போடலாமா என்று கேட்டார்கள். நான் சபையில் எழுந்து சொன்னேன், ஒரு மொட்டுகூட வெளியே வாங்கமாட்டேன், பெண்ணின் தலையிலிருந்து பந்தல்கால் வரை எங்கள் தோட்டத்துப் பூதான் என்று. அறுபது சென்ட் குண்டுமல்லி இருக்கிறது. கிணற்றடியில் சம்பங்கி இருக்கிறது. தவச்செல்வி மாம்பூங்கொத்தில் தோரணம் கேட்டாள். பங்குனி பிறப்பதற்குள் மாம்பூ வடுவாகிவிடும் தாயி, வேப்பம்பூ கேள், புங்கம்பூ கேள், அள்ளித் தருகிறேன் என்றேன்.

மல்லி நம் இஷ்டத்துக்குப் பூக்காது. ஆனால் கவாத்து வெட்டுகிற நாள் நம் கையில் இருக்கிறது. வெட்டி எழுபத்தைந்தாம் நாள் செடி வெள்ளையாக நிற்கும். ஐம்பது வருஷத்துக் கவாத்துத் தேதி அத்தனையும் எனக்கு மனப்பாடம். நாளைக்கு வெட்டினால் பங்குனி 20.

தை 5

கவாத்து முடிந்தது. இருபத்துநாலு வரிசை.

தை 20

துளிர் விட்டாயிற்று. பஞ்சவர்ணம் வந்து பார்த்து, சொன்ன நாளுக்குப் பூத்துவிடும் என்றாள். இவள் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் தோட்டத்தில் மொட்டு எடுப்பவள். மருந்தடிப்பதும் இவள்தான், நாலு தோட்டத்தில் இவளைத்தான் நம்பிக் கூப்பிடுவார்கள். எட்டாவது வரை படித்தவள். என்னைப் பெரியப்பா என்பாள், முறை அதுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மணப்பெண் தலையில் முதல் முழம் பூவை, அந்தப் பூவின் மொட்டை எடுத்தவள்தான் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அத்தைமார் எல்லாம். அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்போம். மூத்தவள் கல்யாணத்திலும் பஞ்சவர்ணம்தான் வைத்தாள். இந்தத் தடவை என்ன நிறம் வேண்டும் என்று கேட்டேன். "வாடாமல்லிக் கலரு. போன தடவை மாதிரி சாணிக் கலர்ல எடுத்துறாதீங்க" என்றாள். பதினான்கு வருஷமாக அந்தச் சேலையைச் சொல்லிக் காட்டுகிறாள்.

மாசி 3

வாய்க்கால் வரப்பில் கல் நட்டது எந்த வருஷம் என்று இரண்டு வீட்டுக்குச் சண்டை. என்னைக் கூப்பிட்டார்கள். பாலம் உடைந்த வருஷத்துக்கு அடுத்த ஆவணி, செவ்வாய்க்கிழமை, கல்லைப் பிடித்தவர்கள் மூன்று பேர் என்று பேரோடு சொன்னேன். இரண்டு பக்கமும் பேசாமல் எழுந்து போனது. பத்திரத்தைக்கூடத் திருத்திவிடலாம், இந்தக் கிழவனைத் திருத்த முடியாது என்று பஞ்சாயத்துத் தலைவர் சொன்னாராம். சேசு இதை எழுதமாட்டேன் என்றான். எழுது என்றேன்.

மாசி 12

மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்தோம். முதுகில் மாட்டும் ஸ்பிரேயரில் எட்டு டேங்க். கொட்டகையிலிருந்து நீல மூடி போட்ட வெள்ளைக் கேன். பஞ்சவர்ணம் அடித்தாள், நான் நிழலில் நின்று பார்த்தேன். ஏதோ கேட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சீக்கிரம் அடி என்றேன். ஏழாவது டேங்க் முடிந்ததும் பசி தாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாசி 14

பந்தல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

மாசி 20

மேட்டுப் பக்கம் துளிர் வெளுத்திருக்கிறது. தண்ணீர் பற்றவில்லை போலிருக்கிறது. மோட்டாரை இரண்டு மணி நேரம் கூட்டி விட்டேன்.

மாசி 22

மருந்து மாறிவிட்டது.

மகன் ஜெயபாண்டி மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்தான். அவர் நாலு இலையைப் பிய்த்துப் பார்த்தார், கேனை மோந்து பார்த்தார். இது வரப்புக்கு அடிக்கிற களைக்கொல்லி, செடிக்கு அடித்தால் வேர்வரை போய்விடும் என்றார். வரப்புப் புல்லுக்கென்று ஜெயபாண்டி போன மாதம் வாங்கி வைத்தது. கேன் ஒன்றுபோல இருக்கிறது. மூடியும் நீலம்தான்.

யார் எடுத்தது என்று ஜெயபாண்டி கேட்டான். பஞ்சவர்ணம் அங்கேதான் நின்றாள். ஊர்க்காரர்களும் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான், நீல மூடி கேனை எடுக்கச் சொன்னேன், இவள் எதை எடுத்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளைத்தான் கேட்டார்கள். படித்தவள்தானே, எழுத்தைப் பார்க்கமாட்டாயா என்று ஜெயபாண்டி கத்தினான். முக்காட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

தவச்செல்வி திண்டுக்கல்லில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். போனில் சொன்னோம். பூ கிடக்கட்டும், அப்பாவைத் திட்டாதீர்கள் என்றாளாம்.

மாசி 23

நேற்று நான் சொன்னதை எழுதி முடித்ததும் சேசு பேனாவை மூடினான். அதையும் எழுதச் சொல்கிறேன்.

"அண்ணே, நாப்பது வருசமா உங்க வாயில ஞாபகமில்லைங்கிற வார்த்தையை நான் எழுதுனதில்ல. நேத்துதான் மொதத் தடவை."

வயதாகிறதல்லவா என்றேன். அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். எனக்கும் ஒரு சொம்பு கொண்டு வந்து வைத்தான்.

மாசி 28

பூ மண்டியில் சொல்லி வைத்தாயிற்று. கல்யாணத்துக்கு மல்லி முழுக்க வெளியில்தான். மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியாயிற்று. அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெங்களூர்க்காரனிடமே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். முதல் முழத்தை ஜெயபாண்டியின் மனைவி வைக்கட்டும் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

தோட்டத்துக்குப் போய் ஆறு நாளாகிறது. சம்பங்கிக்கு ஜெயபாண்டி தண்ணீர் பாய்ச்சிக்கொள்கிறான்.

பங்குனி 5

டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சவர்ணம் வெங்காயக் காட்டு வேலைக்குப் போய்விட்டுச் சாலையில் நடந்து வந்தாள். போக வர எட்டு மைல். உள்ளூரில் அவளை மருந்துக்கும் கூப்பிடுவதில்லை, மொட்டுக்கும் கூப்பிடுவதில்லை. நாலு தோட்டமும் நின்றுபோயிற்று. பெஞ்சில் இருந்த ஒருவன், களைக்கொல்லி வருது, காலை மடக்குங்கடா, மேல பட்டா கருகிரும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. டீயைக் கடைசிவரை குடித்தேன்.

பங்குனி 9

சேசு, இன்றைக்கு இஸ்திரி போடாமல் எழுது.

அன்றைக்குக் கேனை எடுத்தது நான். கொட்டகை இருட்டில் நீல மூடியைத் தடவிப் பார்த்து எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன, மூடியின் நிறம் தெரியும், வாடை தெரியும், போதும் என்றுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். அன்றைக்குச் சளி, வாடையும் தெரியவில்லை.

அவள் கேனைத் திருப்பிப் பார்த்தாள். "பெரியப்பா, களைக்கொல்லின்னு போட்டிருக்கு" என்றாள். எனக்குத் தெரியாதா, அடி என்றேன். கேனை என் முகத்துக்கு நேரே பிடித்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டி, "க, ளை"ன்னு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. பக்கத்துத் தோட்டத்து ஆள்கள் இரண்டு பேர் வரப்பில் நின்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நீ பாவாடை கட்டுவதற்கு முன்னாலிருந்து நான் மல்லி போடுகிறேன், எனக்கு நீ பாடம் எடுக்கிறாயா, இஷ்டம் இருந்தால் அடி, இல்லாவிட்டால் டேங்கை வைத்துவிட்டுப் போ என்றேன்.

அடித்தாள்.

மறந்துபோய்ச் சொல்லவில்லை. அவள் எந்த விரலை வைத்து வாசித்தாள் என்பதுகூட எனக்குத் தெரியும். நகத்தில் மஞ்சள் இருந்தது.

சேசு எழுதிவிட்டு, யாரிடம் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டான். உன்னிடம் சொல்லிவிட்டேனே என்றேன். "எனக்கென்ன செடியா கருகுச்சு" என்றான்.

பங்குனி 14

தவச்செல்வி லீவு போட்டு வந்துவிட்டாள். வந்ததும் தோட்டத்துக்குப் போனாள். அரை மணி நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, ஓடைப் பக்கம் வந்து பாருங்க" என்றாள்.

இருபத்தொரு வரிசை சுள்ளியாக நிற்கிறது. ஓடைப் பக்கம் முருங்கைக்குப் பின்னால் கடைசி மூன்று வரிசை மட்டும் பச்சை. அரிசி அரிசியாக மொட்டு. எல்லோரும் மேட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். பள்ளத்துக்கு யாரும் இறங்கவில்லை. சம்பங்கிக்குப் பாய்ந்த தண்ணீர் கசிந்து அதற்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

உங்கள் நாள் கணக்கு தப்பவில்லை அப்பா, மாலைக்குக் காணாது, தலைக்குக் காணும் என்று தவச்செல்வி என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெயபாண்டி, கடைசியில் மருந்து தீர்ந்துபோயிருக்கும், நம் அதிர்ஷ்டம் என்றான்.

தீரவில்லை. எட்டு டேங்குக்கு மருந்து கலந்து வைத்தது நான். ஒரு டேங்குக்கு மூன்று வரிசை, இருபத்துநாலுக்கு எட்டு. ஏழு முடிகிறவரை நான் நின்று பார்த்தேன். அவர்கள் போன பிறகு வேலியோரம் போனேன். ஓடைப் பக்கம் கருவேல முள் ஒரு பாய் அகலத்துக்குப் பட்டுப்போய்க் கிடக்கிறது. கீழே புல் வெந்து கிடக்கிறது. எட்டாவது டேங்க் அங்கே இருக்கிறது.

நான் இந்தப் பக்கம் சாப்பிடப் போனதும், அவள் என் பேச்சை மீறி அதை முள்ளில் கொட்டியிருக்கிறாள். அத்தனை பேர் கூடிக் கேட்டபோதும் இதைச் சொல்லவில்லை. சொன்னால், மருந்து இன்னதென்று தெரிந்தே மற்றதை ஏன் அடித்தாய் என்று கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் நான்தான்.

மகள் சாய்ந்த தோள் இன்னும் கூசுகிறது.

பங்குனி 16

டைரியை எடுத்துக்கொண்டு பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். வாசலில் வெங்காயத் தாளை ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஒன்பதாம் தேதி பக்கத்தைச் சேசு மடக்கிக் கொடுத்திருந்தான். அதைப் பிரித்து நீட்டி, வாசித்துப் பார் தாயி, எல்லாம் இருக்கிறது என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டாள். வாங்கவில்லை.

"நான் வாசிச்சாத்தான் உங்களுக்கு ஆகாதே, பெரியப்பா."

நின்றேன்.

"அன்னைக்கு ஊர்க்காரங்க முன்னால வாயால சொன்னீங்க. இதை மட்டும் எழுதிக் கொண்டாந்து காதும் காதும் வச்ச மாதிரி குடுக்குறீங்களா? எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

எட்டாவது டேங்கைப் பார்த்தேன் என்றேன். ஆட்டைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "அது உங்களுக்காக ஊத்தல. தவச்செல்விக்காக ஊத்துனது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பங்குனி 17

போகவில்லை. மழை வருகிற மாதிரி இருந்தது.

(மழை வரவில்லை. சேசு கேட்டதால் சொல்கிறேன்.)

பங்குனி 18

விடிகிற நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் பூ எடை போடுவார்கள். சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர், மொட்டெடுக்கும் பெண்கள், மண்டி ஆள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். ஜெயபாண்டி சம்பங்கியைக் கொண்டு போனான். நானும் பின்னால் போனேன். பஞ்சவர்ணம் வெங்காயக் காட்டு வண்டிக்காகச் சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.

தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். கல்யாணத்துக்கு அழைக்கிறார் என்று நினைத்து எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்க தோட்டத்துல களைக்கொல்லியை எடுத்துக் குடுத்தது நான். பஞ்சவர்ணம் எழுத்தை வாசிச்சுச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான் கேக்கல. அவளைத் திட்டி அடிக்க வச்சேன். பழியையும் அவமேல போட்டேன். தப்பிச்ச மூணு வரிசை அவ காப்பாத்துனது."

தராசில் பூ ஆடிக்கொண்டிருந்தது. மண்டி ஆள் நல்லவன், என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க பெரியவரே, வயசாயிருச்சு, மறந்திருப்பீங்க" என்றான். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஜெயபாண்டியும் தலையாட்டினான். ஏறிக்கொள்ளச் சொல்லி வண்டியை நிறுத்திய மாதிரி இருந்தது. ஏறியிருந்தால் வீடுவரை கௌரவமாகப் போயிருக்கலாம்.

"மறக்கல. அன்னைக்கு ஞாபகமில்லைன்னு சொன்னதும் பொய்யி. எனக்கு எதுவும் மறக்காது" என்றேன்.

மண்டி ஆள் கையை விட்டான். டீக்கடை பெஞ்சில் அன்று சிரிக்க வைத்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயபாண்டியின் முகம் கறுத்துவிட்டது, சாக்கை மடித்துக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தான். வெங்காயக் காட்டு வண்டி வந்தது. பஞ்சவர்ணம் ஏறிப் போய்விட்டாள். என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டில் தவச்செல்வியிடம் நானே சொன்னேன். கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். பஞ்சவர்ணத்தைத் தேடிப் போயிருக்கிறாள். திரும்பி வந்தும் என்னிடம் பேசவில்லை.

பங்குனி 21

கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது.

முந்தின நாள் பகலில், மொட்டு இறுகி நிற்கும்போதே, பஞ்சவர்ணம் வந்து மூன்று வரிசையிலும் எடுத்தாள். தவச்செல்வியும் கூட எடுத்தாள். மணப்பெண் வெயிலில் நிற்கலாமா என்று அத்தைமார் சத்தம் போட்டார்கள். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. நான் முருங்கை மரம்வரை போனேன். அதற்கு மேல் போகவில்லை. அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தார்கள். சாணிக் கலர் என்று காதில் விழுந்தது.

மேடை முழுக்கப் பெங்களூர்ப் பூ. நன்றாகத்தான் இருந்தது. வாசலில் மட்டும் வேப்பம்பூ. மாலை மண்டியில் வாங்கியது. பெண் தலையில் இருந்த மல்லி எங்களுடையது. எங்களுடையது என்று சொல்லலாமா தெரியவில்லை, சேசு, நீ பார்த்து எழுது.

முகூர்த்தத்துக்கு முன்னால் பஞ்சவர்ணத்தைத் தவச்செல்வியே கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். நான் வாடாமல்லிக் கலரில் சேலை எடுத்திருந்தேன். வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்துக் குனிந்து நீட்டினேன். தாம்பாளத்தைத் தொட்டாள், எடுக்கவில்லை. பழைய சேலையோடுதான் வந்திருந்தாள். சாணிக் கலர். அதே சேலை, பதினான்கு வருஷம் ஆனது. முதல் முழத்தை மகள் தலையில் வைத்து, ஊசியைக் குத்தி, காதோரம் சரிசெய்தாள். என் பக்கம் திரும்பவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அதுவரைக்கும் நல்லது.

புது வாடாமல்லிச் சேலை பீரோவின் மேலே கிடக்கிறது.

வழியனுப்பும்போது தவச்செல்வி எல்லோர் காலிலும் விழுந்தாள். என் காலிலும் விழுந்தாள். எழுந்து, "மாத்திரை சாப்பிடுங்க" என்றாள். மூன்று நாளில் என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

பங்குனி 28

வாய்க்கால் மதகு யார் காலத்தில் கட்டியது என்று ஊரில் பேச்சு வந்ததாம். தாலுகா ஆபீசில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வருஷம் தெரியும், மாதம் தெரியும், கொத்தனார் பேர் தெரியும். யாரும் வந்து கேட்கவில்லை.

பட்ட செடிகளை ஜெயபாண்டி வேரோடு பிடுங்கிவிட்டான். இருபத்தொரு வரிசை.

சித்திரை 4

மிச்ச மூன்று வரிசையில் மறுபடியும் மொட்டுப்புழு. ஜெயபாண்டி கடையிலிருந்து புதுக் கேன் வாங்கி வந்து கொட்டகையில் வைத்துவிட்டு டவுனுக்குப் போய்விட்டான். வெள்ளைக் கேன், நீல மூடி. வாடை பிடித்துப் பார்த்தேன். சரியான மருந்துதான் என்று மூக்கு சொன்னது. கேனைத் தூக்கிக்கொண்டு போய் சாலையோர வரப்பில் வைத்து உட்கார்ந்தேன்.

படிக்கச் சொல்லிச் சேசு வீட்டுக்குப் போயிருக்கலாம். எதிர் வீடுதான். போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பஞ்சவர்ணம் வந்தாள். இப்போது பழைய நாலு தோட்டத்தில் மூன்றுக்குப் போகிறாள். நாலாவது நான், என்னிடம் வருவதில்லை. எழுந்து நின்றேன். கேனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்காமலே குனிந்து பார்த்தாள்.

"புழு மருந்து. டேங்குக்கு ரெண்டு மூடின்னு போட்டிருக்கு. மூக்கைக் கட்டிக்கிட்டு அடிக்கணும்."

ஒரு டேங்குக்கு ஒரு மூடி ஊற்றித்தான் எனக்குப் பழக்கம், ஐம்பது வருஷமாக.

"சரி, தாயி" என்றேன்.

அவள் போய்விட்டாள். தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூடியைத் திருகி, இரண்டு மூடி அளந்து ஊற்றினேன்.